அக்கினி சாட்சி இல்லை... ஆனாலும் கல்யாணம்தான்!

பஞ்சாபின் ‘ஆனந்த் காரஜ்’ சடங்குக்கும் அருப்புக்கோட்டைக் கரிசல் காட்டுக்கும் என்ன உறவு?

அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு, பஞ்சாபி நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். இடம், தி.நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாரா. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தலையில் கைக்குட்டையாவது கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். மண்டபத்தில் நாற்காலி வரிசையைத் தேடாதீர்கள். தரையில் விரிப்பு, அவ்வளவுதான். கலெக்டரோ கடலைக்காட்டுக் கூலியாளோ, யார் வந்தாலும் சம்மணம் போட வேண்டியதுதான். எதிரே விதானத்துக்குக் கீழே, பட்டுத் துணி விரித்த மேடையில் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப். பின்னால் ஒருவர் சாமரம் வீசுகிறார். பக்கத்தில் ஆர்மோனியமும் தபேலாவுமாகப் பாடகர்கள்.

தலைப்பாகையும் கையில் வாளுமாக மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெண் வந்து அவருக்கு இடப்பக்கம் அமர்கிறாள். பிரார்த்தனை முடிகிறது. பெண்ணின் அப்பா எழுந்து வருகிறார். மாப்பிள்ளையின் தோளில் கிடக்கும் நீளமான துண்டின் ஒரு நுனியை எடுத்து மகளின் கையில் வைக்கிறார். ‘பல்லா’ என்று அந்தத் துண்டுக்குப் பெயர். பாடகர்கள் அதற்கென்றே உள்ள பாடலை மெல்ல எடுக்கிறார்கள். அதுவரை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த சித்தி, அத்தைகள் கண்ணைத் துடைக்கிறார்கள். தாரை வார்க்கும்போது நம்மூர் மணமேடையில் அப்பாவுக்குக் கை நடுங்குமே, அதே நடுக்கம்தான்.

நீங்கள் சுற்றுமுற்றும் பார்க்கிறீர்கள். ஓமகுண்டம் எங்கே? காணோம். முகூர்த்த நேரம் பார்த்து ‘கெட்டிமேளம்’ என்று யாரும் குரல் கொடுக்கவில்லை. தாலியும் இல்லை. துண்டின் நுனியைப் பிடித்தபடி பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த நூலை நான்கு முறை சுற்றி வருகிறார்கள். முடிந்தது கல்யாணம்.

‘இது என்ன கல்யாணம்?’ என்று மற்ற ஊர்க்காரர் கேட்கலாம். அருப்புக்கோட்டைக்காரர் கேட்க முடியாது. தீயும் மந்திரமும் புரோகிதரும் இல்லாமல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது, 1928 மே 28 அன்று, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில்தான்!

தாய்மாமன் போடும் வளையல்

சீக்கியக் கல்யாணத்தின் மையச் சடங்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைச் சுற்றி வீட்டில் நடக்கும் கூத்துதான் நாள்கணக்கில் ஓடும். அதில் பாதிக்கு நமக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

முந்தின நாள்களில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அவரவர் வீட்டில் மஞ்சளும் மாவும் எண்ணெயும் குழைத்துப் பூசுகிறார்கள். நம் நலங்கேதான். முந்தின நாள் ராத்திரி ‘ஜாகோ’. விளக்குகள் ஏற்றிய குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பெண்கள் பாடி ஆடித் தெருத்தெருவாகப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பிவிடுகிறார்கள். இதில் முன்னால் நிற்பது தாய்வழி உறவு, குறிப்பாக மாமன் பெண்டாட்டி. திருச்சுழிப் பக்கம் முளைப்பாரி தூக்கி வரும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தலைச்சுமையும் கும்மாளமும் புதிதாகத் தெரியாது.

கல்யாணத்தன்று விடிந்ததும் பெண் வீட்டில் ‘சூடா’ சடங்கு. சிவப்பும் வெள்ளையுமான வளையல் அடுக்கைப் பால் கலந்த தண்ணீரில் நனைத்து எடுத்து, பெண்ணின் இரண்டு கையிலும் போட்டுவிடுகிறார்கள். போடும் உரிமை தாய்மாமனுக்கும் மாமிக்கும். போட்டு முடித்ததும் ஒரு துணியால் மூடிவிடுவார்கள், அலங்காரம் முடியும்வரை பெண் அதைப் பார்க்கக் கூடாது. பிறகு தோழிகளும் சகோதரிகளும் குடைபோலத் தொங்கும் ‘கலீரே’ ஆபரணத்தை வளையலில் கட்டுகிறார்கள். கல்யாணம் ஆகாத பெண்களின் தலைக்கு மேலே மணப்பெண் கையை ஆட்டுவாள். யார் தலையில் ஒரு துணுக்கு உதிர்கிறதோ, அடுத்த கல்யாணம் அவளுக்கு!

தாய்மாமன் சீருக்காகத் தட்டுத் தட்டாக வரிசை எடுக்கும் ஊர் நம்முடையது. மாமன் வராத விசேஷம் இங்கே விசேஷமே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பஞ்சாபிலும் அந்த நாற்காலி மாமனுக்குத்தான். மொய்யும் அப்படியே. ‘நியோந்திரா’ என்று அங்கே பெயர். யார் எவ்வளவு போட்டார்கள் என்று நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்வது கிராமத்து வழக்கம். கடைசியில் ஒரு ரூபாய் சேர்த்து 101, 501 என்று வைக்கும் கணக்குகூட ஒன்றுதான்.

கண்மை, குதிரை, கட்டிப்பிடி

மாப்பிள்ளை வீட்டில் அண்ணி கண்ணுக்கு மை தீட்டிவிடுகிறாள், காசு வாங்கிக்கொண்டு. மாப்பிள்ளை குதிரை ஏறும்போது தங்கை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறாள், அதற்கும் காசு. மாப்பிள்ளையைப் போலவே உடுத்திய சின்னப் பையன் ஒருவன் கூடவே வருவான். ‘சர்பாலா’ என்கிறார்கள், நம் மாப்பிள்ளைத் தோழன்.

ஊர்வலம் குருத்வாரா வாசலுக்கு வந்ததும் ‘மில்னி’. முதலில் பிரார்த்தனை. பிறகு பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மாலை போட்டுக் கட்டிப்பிடிக்கிறார். அடுத்து இந்த வீட்டுத் தாய்மாமன் அந்த வீட்டுத் தாய்மாமனுக்கு, சித்தப்பா சித்தப்பாவுக்கு என்று முறைக்கு முறை நடக்கும். கட்டிப்பிடித்த சூட்டில் ஒருவரை ஒருவர் அலாக்காகத் தூக்கிப் பார்ப்பதும் உண்டு. எந்தச் சம்பந்தி கனமானவர் என்பது அங்கேயே தெரிந்துவிடும்! முறை பார்த்து மரியாதை செய்யாததால் பந்தலிலேயே மனத்தாங்கல் வரும் நம் கல்யாணங்களை நினைத்தால், எல்லா உறவின் கணக்கையும் வாசலிலேயே தீர்த்துவிடும் இந்த ஏற்பாடு புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது.

நான்கு சுற்று

‘ஆனந்த் காரஜ்’ என்றால் ஆனந்தமான காரியம். அதன் உயிர், ‘லாவாம்’ எனப்படும் நான்கு பாடல்கள். நான்காவது குரு ராம்தாஸ் 16-ஆம் நூற்றாண்டில் சூஹி ராகத்தில் இயற்றியவை.

ஒவ்வொரு பாடலையும் முதலில் கிரந்தத்திலிருந்து வாசிக்கிறார்கள். மணமக்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். பிறகு எழுந்து, அதே பாடலைப் பாடகர்கள் இசைக்க, வலமாகச் சுற்றி வருகிறார்கள். முன்னால் மாப்பிள்ளை, துண்டைப் பிடித்தபடி பின்னால் பெண். வந்ததும் மண்டியிட்டுக் கும்பிட்டு மறுபடி உட்கார்கிறார்கள். பல வீடுகளில் பெண்ணின் அண்ணன் தம்பிகள் மேடையைச் சுற்றி நின்று, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அவளை நடத்திக் கொடுப்பது வழக்கம்.

முதல் பாடல் இல்லறக் கடமையையும் அறத்தையும் சொல்கிறது. இரண்டாவது, குருவைச் சந்தித்துப் பயம் நீங்குவதை. மூன்றாவது, உள்ளே எழும் ஏக்கத்தை. நான்காவது, மனம் அமைதியடைந்து இறைவனோடு கலப்பதை. மேலுக்குப் பார்த்தால் கணவன் மனைவி கல்யாணம். பாடலின் உள்ளே நடப்பது ஆன்மாவுக்கும் ஆண்டவனுக்குமான கல்யாணம்.

நான்கு சுற்றும் முடிந்தால் ‘ஆனந்த் சாகிப்’ பாடலின் முதல் ஐந்து பத்திகளும் கடைசிப் பத்தியும். இது மூன்றாவது குரு அமர்தாஸ் இயற்றியது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று பிரார்த்தனை. கிரந்தத்தைத் திறந்து, கண்ணில் படும் பக்கத்தை அன்றைய ஆணையாக வாசிக்கிறார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரையில் கிண்டிய சூடான பிரசாதம் எல்லோருடைய கையிலும் விழுகிறது. அடுத்து லங்கர் எனும் பொதுப் பந்தி, எல்லோரும் ஒரே வரிசையில்.

சாயங்காலம் விடைபெறும்போது பெண் இரண்டு கையாலும் அரிசியோ பொரியோ அள்ளித் தலைக்குப் பின்னால் வீசிவிட்டுப் படியிறங்குகிறாள், பிறந்த வீடு என்றும் நிறைந்திருக்கட்டும் என்று. புகுந்த வீட்டு வாசலில் மாமியார் இருவர் தலையையும் சுற்றித் தண்ணீர்ச் செம்பை வலம் வரச் செய்து, ஒரு மடக்குக் குடிக்கப் பார்க்கிறார். மகன் தடுக்கிறான். சிரிப்பு. ஆரத்தித் தட்டு இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

---
பெட்டிச் செய்தி: விதி என்ன சொல்கிறது?

சீக்கியர் நடத்தை நெறியான ‘ரெஹத் மரியாதை’ 1945-இல் ஏற்கப்பட்டது. கல்யாணத்தைப் பற்றி அது சொல்பவை:

• சாதி, கோத்திரம் பார்க்கக் கூடாது.
• குழந்தை மணம் கூடாது.
• ஜாதகம், நாள் நட்சத்திரம் பார்ப்பது நெறிக்கு விரோதம். இரு வீட்டுக்கும் வசதிப்படும் நாள் போதும்.
• தீ வளர்த்தல், கையில் காப்புக் கயிறு, முகத்தை மறைக்கும் மலர்ச் சரம், மகுடம் எதுவும் வேண்டாம்.
• காசு வாங்கிக்கொண்டு பெண்ணையோ பையனையோ கட்டிக்கொடுக்கக் கூடாது.
• நிச்சயதார்த்தம் கட்டாயம் இல்லை.
---

மலையில் ஒரு கைதி, கரிசலில் ஒரு கல்யாணம்

ஆனந்த் காரஜ் சடங்கு சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. ‘அக்கினி சாட்சி இல்லாமல் நடந்தது கல்யாணமே இல்லை’ என்று வைதீகத் தரப்பு வாதம். வாதம் வாயளவில் நின்றால் பரவாயில்லை. கல்யாணம் செல்லாது என்றால் மனைவிக்குப் பங்கில்லை, பிள்ளைக்குச் சொத்தில்லை. எனவே 1908-இல் ஆனந்த் திருமண மசோதாவை இம்பீரியல் சட்டசபையில் கொண்டுவந்தார், நாபா சமஸ்தானத்து இளவரசர் ரிபுதமன் சிங். அவருடைய பதவிக்காலம் முடிந்ததும் சுந்தர் சிங் மஜீதியா பொறுப்பேற்று நிறைவேற்றினார். 1909 அக்டோபரில் சட்டமானது. அதற்கு முன் நடந்த ஆனந்த் கல்யாணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது.

ரிபுதமன் சிங் பின்னாளில் நாபா மகாராஜா ஆனார். வெள்ளையருக்கு வளைந்து கொடுக்காத ஆள். 1923-இல் அரியணையிலிருந்து இறக்கினார்கள். அதை எதிர்த்து அகாலி சீக்கியர்கள் ஜைத்தோவில் நடத்திய போராட்டத்தில்தான் ஜவாஹர்லால் நேரு கைதானார். கடைசியில் மகாராஜாவின் பட்டத்தைப் பறித்து, 1928 பிப்ரவரியில் அவரை எங்கே கொண்டுவந்து வைத்தார்கள் தெரியுமா? நம் கொடைக்கானலில். 1942-இல் இறக்கும்வரை அவர் மலையை விட்டுத் திரும்பவில்லை.

அவர் கொடைக்கானலுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மே மாத வெயிலில், கீழே கரிசல் காட்டுச் சுக்கிலநத்தத்தில், தீ இல்லாத இன்னொரு கல்யாணம் நடந்தது. ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்து நடந்ததில்லை. தீயில்லாக் கல்யாணத்துக்குச் சட்டம் கேட்டவர்களில் ஒருவர் மேலே கைதியாக இருக்க, அடுத்த சட்டத்துக்கான விதை கீழே விழுந்தது.

பெரியாருக்குச் சீக்கியர்கள் அந்நியரும் அல்லர். 1924-இல் வைக்கம் போராட்டத்தின்போது, பஞ்சாபிலிருந்து வந்த அகாலிகள் அங்கே இலவசச் சமையற்கூடம் திறந்து, போராடியவர்களுக்குச் சோறு போட்டார்கள். சாதி பார்க்காத அந்தப் பந்தி வைக்கத்தில் நடந்த ஆண்டில், அங்கே இரண்டு முறை சிறை போனவர் பெரியார்.

ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. சீக்கியக் கல்யாணத்தில் நூலுக்கு முன் நெற்றி தரையில் படுகிறது. பெரியாரின் மேடையில் கும்பிட எதுவுமே இல்லை. பொதுவாக இருப்பது வேறு: புரியாத மொழியை வெளியே அனுப்பியது, கூடியிருக்கும் சபையே சாட்சி என்றது, ‘நல்ல நேரம்’ என்ற பயத்தை உதறியது. இன்னொன்றும் உண்டு. அங்கே கிரந்தத்தை வாசிக்கும் கிரந்தி மணமக்களுக்குச் சொல்லும் ‘சிக்கியா’ எனும் அறிவுரை, இங்கே தலைவர்களின் வாழ்த்துரை. இரண்டுமே நீண்டால் பந்திக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார்!

செல்லாது என்ற தீர்ப்பு

சுக்கிலநத்தத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வழியில் போயின. சட்டம் வழிவிடவில்லை. செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றில் 1934-இல் நடந்த சுயமரியாதைத் திருமணம், சொத்து வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. தெய்வானை ஆச்சி வழக்கு என்று சட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுங்கால வழக்கமும் இல்லை, ஆகவே திருமணம் செல்லாது என்று 1953-இல் தீர்ப்பு வந்தது. மேடையில் மாலை மாற்றிய பெண்களெல்லாம் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றானார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

சீக்கியர்கள் 1909-இல் தாண்டிய அதே குழியைத் தாண்ட, தமிழ்நாட்டுக்கு 1967 வரை ஆனது. அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ‘இவரை ஏற்கிறேன்’ என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும். இந்தச் சட்டமும் பழைய கல்யாணங்களை நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாக்கியது. சுக்கிலநத்தம் மணமக்கள் சட்டப்படி தம்பதி ஆகக் கிட்டத்தட்ட நாற்பது வருஷம்!

---
பெட்டிச் செய்தி: இரண்டு பாதை

1909: ஆனந்த் திருமணச் சட்டம்.
1928: சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம்.
1953: சுயமரியாதைத் திருமணம் செல்லாது என உயர் நீதிமன்றத் தீர்ப்பு.
1955: இந்துத் திருமணச் சட்டம். சீக்கியரும் இதன்கீழ் வந்தனர்.
1967: தமிழ்நாட்டின் 7-ஏ திருத்தம்.
2012: ஆனந்த் திருமணங்களைத் தனியே பதிய நாடாளுமன்றம் திருத்தம்.
2023: வழக்கறிஞர் முன்னிலையிலும் சுயமரியாதைத் திருமணம் செய்யலாம், ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பு.
2025: ஆனந்த் திருமணப் பதிவு விதிகளை நான்கு மாதத்தில் உருவாக்க, பல மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவு.
---

விதி ஒரு பக்கம், வீதி ஒரு பக்கம்

சட்டம் கிடைத்தது. சாதி போனதா?

பஞ்சாபிச் செய்தித்தாளின் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். ஜாட் சீக்கியர், கத்ரி சீக்கியர், ராம்கடியா சீக்கியர் என்று தனித்தனிக் கட்டம். ‘சாதி பார்க்கக் கூடாது’ என்ற முதல் விதி அச்சிலேயே தோற்கிறது. நம் பக்கம் மட்டும் என்ன? அழைப்பிதழில் ‘சுயமரியாதைத் திருமணம்’ என்றிருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே சாதியாக இருப்பார்கள். ஐயரைத்தான் நிறுத்தினோம், ஜாதகத்தைப் பின்வாசல் வழியாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

செலவும் அப்படியே. வேண்டாம் என்று விதி சொன்ன மலர்ச் சரமும் மகுடமும் பஞ்சாபிக் கல்யாணத்தில் தாராளமாக உண்டு. கடற்கரையிலும் ரிசார்ட்டிலும் செட் போட்டு, அங்கே கிரந்தத்தைக் கொண்டுவந்து கல்யாணம் நடத்துவது பெருகியதால், அதற்கு 2023 அக்டோபரில் அகால் தக்த் தடை விதித்தது. எளிமைக்காகப் பிறந்த ஒரு சடங்கைக் காப்பாற்ற, அதன் தலைமைப் பீடமே உத்தரவு போட வேண்டிய நிலை. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டிச் சேர்த்த காசும் கடனும் ஒரே நாள் மண்டப வாடகையிலும் டிஜிட்டல் பேனரிலும் கரைவதைப் பார்க்கிற நமக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வேலி கடந்து வந்தவர்கள்

சீக்கியர் வாழ்க்கை எங்கோ நடக்கிற கதையும் இல்லை. திருச்சுழியைத் தாண்டிக் கமுதிப் பக்கம் போனால் வல்லந்தை. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தைப் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியக் குடும்பங்கள் வாங்கின. வேரோடு பிடுங்கிச் சுத்தம் செய்து, மாவும் கொய்யாவுமாக ‘அகால் பண்ணை’யை உருவாக்கின. கரிமூட்டம் போட மட்டுமே ஆகும் என்று நாம் கைவிட்ட மண்ணில் தலைப்பாகைக்காரர்கள் சொட்டுநீர் பாய்ச்சி விளைவித்ததை, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். இன்று அது புதுமை இல்லை, பக்கத்துத் தோட்டம்.

தென் மாவட்டங்களிலேயே சீக்கியத்தைத் தழுவிய தமிழர்களும் இருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகை கட்டிய தமிழ் வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வந்தது பலருக்கு நினைவிருக்கும். அவர்களை அந்தப் பக்கம் இழுத்ததில் சாதி ஒழிப்பு என்ற வாக்குறுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வாக்குறுதி நிஜமா என்று பார்க்கும் இடம் பந்தி கூட இல்லை, கல்யாணம்தான். யார் யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அது தெரியும்.

---
பெட்டிச் செய்தி: எந்தச் சடங்கானாலும் பதியுங்கள்!

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எந்த மதத்தவரானாலும் திருமணப் பதிவு கட்டாயம். தீ வளர்த்தாலும், கிரந்தத்தைச் சுற்றினாலும், மாலை மட்டும் மாற்றினாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். வயது, முகவரிச் சான்றுகளும் சாட்சிகளும் வேண்டும். 1953-இல் அந்தப் பெண்களுக்குச் சட்டமே துணை இல்லை. இன்று சட்டம் இருக்கிறது, பதிவுக் காகிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.
---

நூறு வயது ஆகப்போகிறது

பல்லாத் துண்டு, ஒரு நூல், நான்கு பாட்டு, சூடான பிரசாதம். சீக்கியக் கல்யாணத்துக்கு விதிப்படி இவ்வளவு போதும். இரண்டு மாலை, ஒரு வாக்கு, நாலு பேர் சாட்சி. சுயமரியாதைத் திருமணத்துக்கு இது போதும். மற்றதெல்லாம் நாமாக ஏற்றிக்கொண்ட சுமை. மாமன் வளையலும் முளைப்பாரியும் மொய் நோட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், அவை உறவைச் சேர்க்கிறவை. கடனும் சாதியும்தான் இறக்கிவைக்க வேண்டியவை. தீயை அணைப்பது எளிது என்று இரண்டு ஊரும் காட்டிவிட்டன. சாதியை அணைக்கத்தான் இரண்டு ஊராலும் இன்னும் முடியவில்லை.

2028 மே 28 அன்று சுக்கிலநத்தம் கல்யாணத்துக்கு நூறு வயது நிறைகிறது. விழா எடுப்பார்கள், தலைவர்கள் பேசுவார்கள். அதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வரும். அப்போது பெண்ணின் படிப்பைக் கேளுங்கள், பையனின் குணத்தைக் கேளுங்கள். ‘அவங்க என்ன ஆளுக?’ என்ற கேள்வியை மட்டும் ஒரு தடவை கேட்காமல் இருந்து பாருங்கள்.